கதவு எண்ணும் புல எண்ணும்: கணினியில் டிரைவ் எழுத்துகளை நம் விருப்பப்படி நிறுத்திவைப்பது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர், நிதியாண்டு முடியும் மார்ச் மாதக் கடைசி வாரத்தில், காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "சார், இ டிரைவைக் காணோம், மூணு வருஷக் கணக்கும் போச்சு" என்று பதறினார். நான் போய்ச் சேர்வதற்குள் தம் வெளி ஹார்டுடிஸ்க்கைக் கழற்றி, அழிந்த கோப்புகளை மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஒரு கடைக்கு எடுத்துச் செல்வதற்காகத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதுகாப்புக்காக அதை அவர் தினமும் இரவில் வீட்டுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். முந்தைய நாள் அவர் கிளம்பிய பிறகு, தணிக்கையாளர் அலுவலகத்திலிருந்து வந்த பையன் ஒரு பென்டிரைவைச் செருகி வேலை பார்த்துவிட்டு அதை எடுக்காமலே போய்விட்டான். காலியாக இருந்த இ என்னும் எழுத்தை அந்தப் பென்டிரைவ் எடுத்துக்கொண்டது. காலையில் வந்த ஹார்டுடிஸ்க்குக்கு எஃப் கிடைத்தது. கணக்கு மென்பொருள் வழக்கம்போல இ டிரைவுக்குள் போய்த் தேடிவிட்டு, கோப்புறை இல்லை என்று கையை விரித்துவிட்டது.

இரண்டு நிமிட வேலைக்கு அரை நாள் பதற்றம். இந்தப் பதற்றத்துக்குக் காரணம், இ என்பதை அந்த டிஸ்க்கின் பெயர் என்று அவர் எண்ணியிருந்ததுதான். பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் புல எண் இருக்கும், கதவு எண்ணும் இருக்கும். மாநகராட்சி தெருவை மறுவரிசைப்படுத்தினால் பழைய எண் 12 என்பது புதிய எண் 27 ஆகிவிடும். ஆனால் நிலம் ஓர் அங்குலமும் நகர்ந்திருக்காது, புல எண்ணும் மாறியிருக்காது. டிரைவ் எழுத்து என்பது கதவு எண்ணைப் போன்றது. அது டிஸ்க்கின் மேல் எங்கும் எழுதப்படுவதில்லை. உங்கள் கணினியிலுள்ள விண்டோஸ் தன் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்வது. டிஸ்க்குக்குள் பதிந்திருக்கும் அடையாள எண் வேறு. அதுவே புல எண். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் வழிமுறைகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

தொடங்குமுன் எழுத்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தையும் இருபதாம் எழுத்தையும் தமிழில் டி என்றே எழுதுகிறோம். இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் பி ஆகிவிடுகின்றன. இக்கட்டுரையில் டி என்றால் நான்காம் எழுத்து, பி என்றால் இரண்டாம் எழுத்து. தொலைபேசியில் வழி சொல்லும்போது இந்தக் குழப்பம் மெய்யாகவே நேர்வதால், என் வாடிக்கையாளர்களின் கணினிகளில் பதினாறாம், இருபதாம் எழுத்துகளை நான் பயன்படுத்துவதே இல்லை. கட்டளைகளையும் இங்கே ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்யவேண்டும்.

சி-க்கு முன்னால் இருந்தவை

ஹார்டுடிஸ்க் ஏன் சி-யில் தொடங்குகிறது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கேரி கில்டால் 1974-இல் உருவாக்கிய சிபி/எம் என்னும் இயங்குதளத்தில் டிஸ்க்குகளை ஏ, பி என்று எழுத்துகளால் அழைக்கும் முறை இருந்தது. டிம் பேட்டர்சன் 1980-இல் எழுதிய 86-டாஸ் அந்த முறையைத் தழுவிக்கொண்டது; அதுவே பின்னர் எம்எஸ்-டாஸ் ஆயிற்று. 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பிசியில் ஹார்டுடிஸ்க்கே கிடையாது. ஃப்ளாப்பி டிரைவ்கள்தாம் இருந்தன. அவற்றுக்கு ஏ, பி ஆகிய இரண்டும் ஒதுக்கப்பட்டன. ஒரே ஒரு ஃப்ளாப்பி டிரைவ் உள்ள கணினியிலும் அதையே ஏ என்றும் பி என்றும் இருபெயரிட்டு, ஃப்ளாப்பியை மாற்றிப் போடச் சொல்லி நகல் எடுக்க வைத்தார்கள். 1983-இல் 10 மெகாபைட் ஹார்டுடிஸ்க்குடன் பிசி எக்ஸ்டி வந்தபோது மிச்சமிருந்த முதல் எழுத்து சி. ஃப்ளாப்பி ஒழிந்து பல ஆண்டுகளான பின்னும், விண்டோஸ் தானாக ஏ-யையோ பி-யையோ எந்த ஹார்டுடிஸ்க்குக்கும் தருவதில்லை. நாமாகக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது.

டாஸும், அதன்மேல் நின்ற விண்டோஸ் 95, 98 ஆகியவையும் எழுத்துகளை எங்கும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் புதிதாக எண்ணித்தான் கொடுத்தன. டிஸ்க்கைப் பிரித்த ஒவ்வொரு பகுதியும் ஒரு பார்ட்டிஷன்; தனித்து நிற்பது பிரைமரி, எக்ஸ்டெண்டெட் என்னும் பெரும்பகுதிக்குள் பிரிக்கப்படுவது லாஜிக்கல். எண்ணும் வரிசையும் விசித்திரமானது: முதலில் ஒவ்வொரு ஹார்டுடிஸ்க்கிலும் உள்ள பிரைமரி பார்ட்டிஷனுக்கு ஒன்று, அதன்பின் எல்லா டிஸ்க்குகளிலும் உள்ள லாஜிக்கல் பார்ட்டிஷன்களுக்கு, அதற்கும் பின் மிச்சமுள்ளவற்றுக்கு, கடைசியில் சிடி டிரைவுக்கு. இதனால் சி, டி என இரண்டு பகுதிகள் கொண்ட கணினியில் இரண்டாவது ஹார்டுடிஸ்க்கைப் பூட்டியவுடன், புதியதன் பிரைமரி பார்ட்டிஷன் டி ஆகி, பழைய டி நகர்ந்து இ ஆகிவிடும். டி-யில் நிறுவியிருந்த எல்லாம் ஒரே இரவில் செயலிழக்கும். இரண்டாவது டிஸ்க்கில் பிரைமரியே உருவாக்காமல் எக்ஸ்டெண்டெட் பார்ட்டிஷன் மட்டும் போட்டால் பழைய வரிசை கலையாது என்பது அந்தக் கால மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த உபாயம். இன்று அது தேவையில்லை. ஆனாலும் பழைய பில்லிங் கணினிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் கடைகளுக்காக இங்கே சொல்லி வைக்கிறேன்.

இப்போதைய பதிவேடு

விண்டோஸ் 2000 முதல் மவுண்ட் மேனேஜர் என்னும் உட்பகுதி இந்த வேலையை ஏற்றுக்கொண்டது. அது எந்தப் பார்ட்டிஷனுக்கு எந்த எழுத்து என்பதை ரெஜிஸ்ட்ரியில், லோக்கல் மெஷின் பிரிவின் சிஸ்டம் கிளைக்குள், மவுண்டட் டிவைசஸ் என்னும் இடத்தில் எழுதி வைக்கிறது. அதைத் திறந்து பார்ப்பதில் தவறில்லை. அங்கே எதையும் அழிக்கக் கூடாது.

எழுத்துக்கு எதிரே எழுதப்படுவது டிஸ்க்கின் வகையைப் பொறுத்தது. பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க் என்றால் 12 பைட் நீளமுள்ள குறிப்பு இருக்கும்: முதல் 4 பைட் டிஸ்க்கின் கையொப்பம் எனப்படும் அடையாள எண், அடுத்த 8 பைட் பார்ட்டிஷன் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது. ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்டதென்றால், ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உரிய 16 பைட் தனி அடையாளம் எழுதப்படும். பென்டிரைவ் என்றால், தயாரிப்பாளர் பெயர், மாதிரி, வரிசை எண் ஆகியவை சேர்ந்த நீண்ட சரம் எழுதப்படும். வரிசை எண்ணே பதியப்படாத மலிவான பென்டிரைவ்களும் விற்பனையில் உண்டு. அவற்றை விண்டோஸ் அவை செருகப்பட்ட யூஎஸ்பி துளையை வைத்தே அடையாளம் காண்கிறது. ஒரே பென்டிரைவ் முன்பக்கத் துளையில் ஓர் எழுத்தும் பின்பக்கத் துளையில் வேறோர் எழுத்தும் பெறுவதற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. முதலாவதாக, பதிவேடு கணினிக்குக் கணினி வேறு. வீட்டுக் கணினியில் எம் என்று நீங்கள் நிறுத்திய டிஸ்க், கடைக் கணினியில் அந்தக் கணினிக்குத் தோன்றிய எழுத்தில்தான் வரும். ஒரே கணினியில் இரண்டு விண்டோஸ் நிறுவியிருந்தால், ஒன்றுக்கு சி ஆக இருப்பது மற்றொன்றுக்கு இ ஆக இருக்கலாம்.

இரண்டாவதாக, பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே எழுத்துக்குப் பூட்டு விழுந்துவிடாது. சொந்தக்காரர் ஊரில் இல்லாதபோது வேறொரு டிரைவ் வந்தால், விண்டோஸ் காலியாகத் தெரியும் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்துவிடும். திரும்பி வருபவர் அடுத்த எழுத்துக்கு நகரவேண்டியதுதான். கொலுசுப் பட்டறையில் நடந்தது இதுவே.

மூன்றாவது அபூர்வமாக நேர்வது; ஆனால் நேரும்போது மிகவும் குழப்பும். ஒரு டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து, இரண்டையும் ஒரே கணினியில் பூட்டினால், இரண்டுக்கும் ஒரே கையொப்பம் இருக்கும். ஒரு புல எண்ணுக்கு இரண்டு பட்டா இருப்பதைப் போல. விண்டோஸ் இரண்டாவதை ஆஃப்லைன் என்று ஒதுக்கி வைத்துவிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஆன்லைன் என்பதைக் கொடுத்தால் அதற்குப் புதிய கையொப்பம் எழுதப்பட்டுத் திறக்கும். ஆனால் கையொப்பம் மாறிய பின் அந்தக் குளோனிலிருந்து கணினியை நேரடியாக இயக்க முடியாமல் போகலாம் என்பதால், அவசரத்துக்கு மாற்றாக வைத்திருக்கும் குளோன் டிஸ்க்கை மூலத்தோடு சேர்த்துப் பூட்டாமல் இருப்பதே நல்லது.

எழுத்தை மாற்றும் முறை

ஸ்டார்ட் பொத்தானின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நீங்கள் நுழைந்திருக்கவேண்டும். திறக்கும் சாளரத்தின் கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு வரிசையாகவும், அதன் பார்ட்டிஷன்கள் கட்டங்களாகவும் தெரியும். எழுத்தை மாற்றுமுன், கொள்ளளவையும் வால்யூம் பெயரையும் (பார்ட்டிஷனுக்கு வைத்த பெயர்) பார்த்து, இது நாம் கருதும் டிஸ்க்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு 1 டெராபைட் டிஸ்க்குகள் அருகருகே இருக்கும்போது தவறுவது எளிது. அந்த டிரைவிலுள்ள கோப்பு எதுவும் திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

பின்னர் உரிய கட்டத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சிறு பெட்டி ஒன்று வரும். ஏற்கெனவே எழுத்து இருந்தால் சேஞ்ச் என்பதையும், எழுத்தே இல்லாவிட்டால் ஆட் என்பதையும் அழுத்தி, வலப்புறப் பட்டியலிலிருந்து வேண்டிய எழுத்தைத் தேர்ந்து ஓகே கொடுங்கள். எழுத்தைச் சார்ந்திருக்கும் சில மென்பொருள்கள் சரியாக இயங்காமல் போகலாம் என்று எச்சரிக்கை வரும். அது வெறும் சம்பிரதாயம் அன்று. அந்த டிரைவில் கோப்புகள் மட்டும் இருந்தால் யெஸ் கொடுக்கலாம். மென்பொருள்களை அதில் நிறுவியிருந்தால், அவற்றின் பாதைகள் ரெஜிஸ்ட்ரியிலும் குறுக்குவழிகளிலும் பழைய எழுத்தோடே பதிந்திருக்கும் என்பதால் நோ கொடுத்துவிட்டு வெளியேறுவதே உத்தமம். மாற்றியபின் ஏதேனும் செயலிழந்தால் பதற வேண்டாம். இதே வழியில் பழைய எழுத்தைத் திரும்பக் கொடுத்தால் பழையபடி இயங்கும். எழுத்தை மாற்றுவதால் கோப்புகள் அழிவதில்லை.

கட்டத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தும்போது வரும் பட்டியலில் ஃபார்மேட் என்பதும் டெலீட் வால்யூம் என்பதும் சேஞ்ச் டிரைவ் லெட்டர் என்பதற்கு மிக அருகிலேயே இருக்கின்றன என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். மவுஸ் ஒரு வரி வழுக்கினாலும் உறுதிப்படுத்தும் கேள்வி ஒன்று வரும். வாசிக்காமல் யெஸ் அழுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தக் கேள்வியால் பயனில்லை.

கட்டளை வழியே செய்வோர், நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து டிஸ்க்பார்ட் என்று தட்டி, லிஸ்ட் வால்யூம் என்று கொடுத்துப் பட்டியலைப் பார்த்து, செலக்ட் வால்யூம் 3 என்பதுபோல உரிய எண்ணைத் தேர்ந்து, அசைன் லெட்டர்=எம் என்று கொடுக்கலாம். டிஸ்க்பார்ட்டுக்குள் கிளீன் என்றொரு கட்டளை உண்டு. தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பை அது எந்தக் கேள்வியும் கேட்காமல் துடைத்துவிடும். பெயரைப் பார்த்துக் குப்பை கூட்டுவது என்று நினைத்துக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எந்த எழுத்தைக் கொடுப்பது

மாற்றும் முறையைச் சொல்லித் தருபவர்கள் பலர். எதற்கு எதைக் கொடுப்பது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. விண்டோஸ் தானாக எழுத்து கொடுக்கும்போது சி-யிலிருந்து முன்னோக்கி எண்ணிக்கொண்டே போய், முதலில் காலியாக உள்ளதைக் கொடுக்கிறது. ஆகவே நிலையாக இருக்கவேண்டிய டிரைவை வரிசையின் முன்புறத்தில் உட்கார வைத்தால் அதன் இடம் பறிபோகும். நடுவில் உட்கார வைத்தால், அங்கே வரை எண்ணிக்கொண்டு வரும் அளவுக்கு ஒரே நேரத்தில் பென்டிரைவ்கள் செருகப்படுவதில்லை என்பதால், அது மாதக்கணக்கில் வெளியூர் போய்த் திரும்பினாலும் அதன் இடம் காலியாகவே இருக்கும்.

நான் எல்லா இடங்களிலும் பின்பற்றுவது இந்த ஏற்பாடுதான்: சி, டி ஆகியவை கணினிக்குள் இருப்பவற்றுக்கு. இ முதல் ஜே வரை வருவோர் போவோருக்கு, அதாவது பென்டிரைவ், கார்டு ரீடர் முதலியவற்றுக்கு. அங்கே நான் எதையும் நிலையாக நிறுத்துவதில்லை. நான்கு துளைகள் கொண்ட கார்டு ரீடர் ஒன்று, உள்ளே ஒரு கார்டும் இல்லாதபோதே நான்கு எழுத்துகளைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். கூகுள் டிரைவ் மென்பொருளை நிறுவினால் அது வழக்கமாக ஜி-யில் வந்து அமரும்; அதன் அமைப்புகளில் மாற்றலாம். கே, எல், எம், என், ஆர் போன்ற நடு எழுத்துகள் பெயர் சொல்லி அழைக்கும் வெளி ஹார்டுடிஸ்க்குகளுக்கு. நெட்வொர்க் வழியே வருபவற்றுக்குக் கடைசியிலிருந்து பின்னோக்கி இசட், ஒய் என்று கொடுக்கவேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்குத் தனிக் காரணம் உண்டு. டிஸ்க்குகளுக்கு எழுத்து கொடுக்கும் மவுண்ட் மேனேஜர் கணினி முழுமைக்கும் பொதுவானது. நெட்வொர்க் டிரைவோ உள்நுழைந்த பயனருக்கு மட்டும் உரியது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினிகளில், பயனர் எஃப் என்று ஒரு நெட்வொர்க் கோப்புறையை இணைத்திருப்பது மவுண்ட் மேனேஜருக்குத் தெரியாமல், அதே எஃப்-ஐப் பென்டிரைவுக்கும் கொடுத்துவிடும். பென்டிரைவ் விளக்கு எரியும், ஒலியும் கேட்கும், திரையில் மட்டும் காணப்படாது. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில், பழம் பறிக்கும் பருவத்தில், தொழிலாளர் வருகைப் பதிவான செக்ரோலைப் பதியும் கணினியில் பென்டிரைவ் வேலை செய்யவில்லை என்று அழைத்தார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பனியில் ஊர்ந்து கடந்து போய்ப் பார்த்தால், மேலாளர் அறைக் கணினியின் கோப்புறை எஃப் ஆக இணைக்கப்பட்டிருந்தது. அதை இசட் ஆக்கிவிட்டு ஏலக்காய் டீ குடித்துவிட்டு இறங்கினேன். அந்தப் பயணத்துக்குப் பிறகு, எந்தக் கணினியை முதன்முறையாகத் தொட்டாலும் நெட்வொர்க் எழுத்துகளை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குகிறேன்.

எழுத்தோடு நிறுத்தாமல் வால்யூமுக்கு ஒரு பெயரும் கொடுங்கள். எழுத்து பதிவேட்டில் இருப்பது, பெயர் டிஸ்க்கிலேயே இருப்பது. அதனால் எந்தக் கணினிக்குப் போனாலும் பெயர் கூடவே வரும். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளுள் என்டிஎஃப்எஸ் முறையில் 32 எழுத்துவரையிலும், ஃபேட் 32, எக்ஸ்ஃபேட் முறைகளில் 11 எழுத்துவரையிலும் பெயர் வைக்கலாம்.

இருபத்தாறு போதாதபோது

நாலு ரோடு பக்கத்திலுள்ள ஒரு திருமண வீடியோ ஸ்டுடியோவில் ஒன்பது வெளி டிஸ்க்குகள் இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செருகியபோது ஒவ்வொன்றும் இ என்றே வந்ததால், எல்லாப் படத்தொகுப்புக் கோப்புகளிலும் இ என்ற பாதையே பதிந்திருந்தது. வைகாசி முகூர்த்தத்தில் இரண்டு திருமணங்களை ஒரே நேரத்தில் தொகுக்க வேண்டிவந்து, இரண்டு டிஸ்க்குகளைச் சேர்த்துச் செருகியவுடன், ஒன்றின் காட்சிகள் அனைத்தும் மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாகிவிட்டன.

இத்தகைய இடங்களில் எழுத்துகளைவிடக் கோப்புறை வழியே இணைப்பது நல்லது. என்டிஎஃப்எஸ் முறையிலுள்ள டி டிரைவில், கல்யாணம் என்னும் கோப்புறைக்குள், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒன்றாக வெற்றுக் கோப்புறைகளை உருவாக்கிக்கொள்ளுங்கள். முன்சொன்ன ஆட் பெட்டியில், எழுத்தைத் தேர்வதற்குப் பதிலாக, வெற்று என்டிஎஃப்எஸ் கோப்புறையில் மவுண்ட் செய்யும், அதாவது இணைக்கும், தேர்வை எடுத்து, உரிய கோப்புறையைக் காட்டினால், அந்த டிஸ்க் அதற்குள் திறக்கும். பாதை ஒன்றோடொன்று மோதாது, எழுத்தும் செலவாகாது. இதில் ஒரே கவனம், இணைப்பு வேண்டாமென்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ரிமூவ் கொடுக்கவேண்டும். வெறும் கோப்புறைதானே என்று டெலீட் விசையை அழுத்திவிடக் கூடாது.

டிரைவ் தெரியவே இல்லை என்றால்

முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் கேபிள், துளை, மின்சாரம் ஆகியவற்றைப் பாருங்கள்; அது எழுத்தின் சிக்கல் அன்று. அங்கே இருந்து, பார்ட்டிஷன் நலமாக இருப்பதாகக் காட்டி, எழுத்து மட்டும் இல்லையென்றால் ஆட் கொடுத்து எழுத்து வழங்கினால் போதும். ஒவ்வொரு புதிய டிரைவுக்கும் இதைச் செய்யவேண்டியிருந்தால், தானாக எழுத்து கொடுக்கும் ஆட்டோமவுண்ட்டை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். டிஸ்க்பார்ட்டுக்குள் ஆட்டோமவுண்ட் எனேபிள் என்று கொடுங்கள். பழைய, இப்போது இல்லாத டிரைவ்களின் பதிவுகளை நீக்க, கமாண்ட் பிராம்ப்ட்டில் மவுண்ட்வால் என்று தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோடும் ஆர் எழுத்தும் சேர்த்துக் கொடுக்கலாம். நிலையாக எழுத்து கொடுத்த வெளி டிஸ்க்குகள் அனைத்தையும் செருகிவைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் பதிவும் சேர்ந்து போய்விடும்.

எழுத்தில்லாத பார்ட்டிஷன் எல்லாம் குறைபாடுள்ளவை அல்ல. கணினியை இயக்கத் தேவையான இஎஃப்ஐ பகுதி, மீட்புப் பகுதி ஆகியவற்றுக்கு வேண்டுமென்றே எழுத்து கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இன்னோர் இயங்குதளமும் இருந்தது. விண்டோஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் லினக்ஸ் பகுதி எழுத்தில்லாத கட்டமாகத் தெரியும். இடம் வீணாகிறதே என்று அதை அழித்துவிட்டு, மறுநாள் கணினி எழவே இல்லை என்று கொண்டுவந்த மாணவர்கள் பலர். எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் பகுதியும் அந்தக் கட்டத்துக்குள்ளேதான் இருந்தது.

எழுத்து வந்து, திறக்கும்போது ஃபார்மேட் செய்யவேண்டும் என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். விண்டோஸுக்குப் புரியாத முறையில் எழுதப்பட்ட டிஸ்க்காகவோ, கோப்பமைப்பு சிதைந்த டிஸ்க்காகவோ அது இருக்கலாம். இரண்டிலும் ஃபார்மேட் தீர்வாகாது.

சி-யைத் தொடக் கூடாது

விண்டோஸ் இயங்கும் பார்ட்டிஷனின் எழுத்தை மாற்ற டிஸ்க் மேனேஜ்மென்ட் அனுமதிக்காது. நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் இருக்கும் பார்ட்டிஷனுக்கும் இதே தடை உண்டு. ரெஜிஸ்ட்ரி வழியே மாற்றும் குறுக்குவழிகளைச் சிலர் சொல்லித் தருவார்கள். வேண்டாம். எக்ஸ்பி காலத்தில், அம்மாப்பேட்டையிலுள்ள ஒரு ஜவுளிக் கடைக் கணினியில், கார்டு ரீடர் செருகியிருந்ததைக் கவனிக்காமல் விண்டோஸை நிறுவினேன். கார்டு ரீடரின் துளைகள் முன் எழுத்துகளை எடுத்துக்கொண்டு, விண்டோஸ் ஐ டிரைவில் போய் அமர்ந்தது. பிறகு நிறுவிய ஒவ்வொரு மென்பொருளும் சி-யைத் தேடித் தடுமாறியது. கார்டு ரீடரைக் கழற்றிவிட்டு முழுவதையும் மறுபடி நிறுவியதைத் தவிர வேறு வழி கிடைக்கவில்லை. அந்த இரண்டாம் நாள் உழைப்புக்குக் கூலி கேட்க எனக்கு வாயும் வரவில்லை. இன்றைய விண்டோஸை அதன் நிறுவல் பென்டிரைவிலிருந்து இயக்கி நிறுவும்போது அது தனக்கு சி-யையே எடுத்துக்கொள்கிறது. ஆயினும் நிறுவும்போது தேவையற்றவற்றைக் கழற்றிவிடும் பழக்கத்தை நான் விடவில்லை.

கணினி எழாமல் மீட்புச் சூழலுக்குள் நுழையும்போது எழுத்துகள் மாறித் தெரியலாம் என்பதையும் அறிந்திருக்கவேண்டும். அந்தச் சூழல் தனக்கு எக்ஸ் என்னும் எழுத்தை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குத் தன் போக்கில் எழுத்து கொடுக்கும். உங்கள் சி அங்கே டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம். அங்கே சி-க்கு என்று கொடுக்கும் கட்டளை வேறு பார்ட்டிஷனில் போய் விழும். முதலில் டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் வால்யூம் கொடுத்துப் பாருங்கள்; அல்லது அங்குள்ள கமாண்ட் பிராம்ப்ட்டில் நோட்பேட் என்று தட்டி, அதன் ஓப்பன் சாளரத்தில் ஒவ்வொரு டிரைவாகத் திறந்து, விண்டோஸ் என்னும் கோப்புறையும் உங்கள் யூசர்ஸ் கோப்புறையும் எதில் இருக்கின்றன என்று கண்டுகொள்ளுங்கள்.

லினக்ஸில் இந்த எழுத்து முறையே கிடையாது. எல்லா டிஸ்க்குகளும் ஒரே மரத்தின் கிளைகளாக இணைக்கப்படுகின்றன. ஆனால் அங்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்னும் சாதனப் பெயர்கள் கண்டறியும் வரிசையைப் பொறுத்து மாறக்கூடியவை என்பதால், எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அவற்றை எழுதாமல், பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடி என்னும் அடையாள எண்ணை எழுதுவதே முறை.

புதிய கணினிக்கு மாறப்போகிறீர்கள் என்றால், பழையதை விற்பதற்கு முன், டிஸ்க் மேனேஜ்மென்ட் சாளரத்தைத் திறந்து செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேடு பழைய கணினியோடு போய்விடும். அந்தப் படத்தைப் பார்த்து, டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் செருகி, பழைய எழுத்துகளைக் கையால் கொடுத்துவிட்டு, அதன்பிறகு கணக்கு மென்பொருளை முதன்முறையாகத் திறங்கள். கொலுசுப் பட்டறைக்காரர் தம் டிஸ்க்கின் உறையில் எம் என்று மார்க்கர் பேனாவால் எழுதி, அதன்மேல் செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறார்.